குழிக்கேற்ற கருவி: மாநிறத் தோலும் பருத்தழும்பும்

சிங்கப்பூரில் பருத்தழும்புக்கு வைத்தியம் தேடிக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது 'எந்த லேசர் நல்லது?' என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கடைசியில் கேட்க வேண்டியது. ஆர்ச்சர்டிலும் நொவீனாவிலும் சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீட்டு மாடிகளிலும் மெஷினின் பெயர்தான் முதலில் கண்ணில் படுகிறது. அதனால் நோயாளியும் ஒரு மெஷினின் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டே உள்ளே போகிறார். அதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பரு முழுதாக அடங்கிவிட்டதா, முகத்தில் தெரிவது கருமையா குழியா, குழி என்றால் எந்த வகைக் குழி, அந்தத் தோல் எவ்வளவு சூட்டையும் காயத்தையும் தாங்கும், ஆறும் காலத்தில் அவரால் வெயிலுக்கு ஒதுங்க முடியுமா. இவை தெளிவானால் கருவி ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால், தமிழர்களின் தோலில் குழி நிரம்புவதற்கு முன் கருமை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நம் தோலில் மட்டும் ஏன் இப்படி? தோலின் நிறத்தை உண்டாக்கும் மெலனோசைட் அணுக்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நம்முடையவை உருவாக்கும் நிறமித் துகள்கள் பெரியவை, தனித்தனியாகப் பரவி நிற்பவை. அந்த அணுக்கள் சுலபத்தில் தூண்டப்படுபவையும்கூட. பருவோ, கீறலோ, சூடோ, ரசாயனமோ, எதனால் அழற்சி வந்தாலும் அவை நிறமியைக் கூடுதலாகக் கொட்டிவிடுகின்றன. பரு அமுங்கிய இடத்தில் மாதக்கணக்கில் கருப்பாக நிற்கிறதே, அது இதுதான். தோலைப் புதுப்பிக்கும் எல்லாச் சிகிச்சைகளும், லேசரானாலும் ஊசியானாலும் அமிலமானாலும், வேண்டுமென்றே அளவோடு காயம் உண்டாக்கி, அது ஆறும்போது புதிய கொலாஜனை வளரவைப்பவை. ஆகவே குழியைச் சரிசெய்யும் காயமே கருமையையும் கூட்டிவரக்கூடும். தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒன்று முதல் ஆறு வரையிலான தோல் வகைப்பாட்டை 1975இல் கொண்டுவந்தவர் ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக். சொரியாசிஸ் நோயாளிகளுக்குப் புற ஊதா ஒளியின் அளவைத் தீர்மானிக்க, வெள்ளைத் தோலை மனத்தில் வைத்துத் தொடங்கிய கணக்கு அது. மாநிறமும் கறுப்பும் பின்னால்தான் அதில் ஒழுங்காக இடம் பெற்றன. சிங்கப்பூர்த் தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளுக்குள் வருவார்கள். முதல் சந்திப்பில் மருத்துவர் இந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால், நீங்களே கேட்டுவிடுங்கள்.

'எங்கள் லேசர் நிறத்தைப் பார்க்காது, தண்ணீரைத்தான் பார்க்கும். எல்லாத் தோலுக்கும் பாதுகாப்பு' என்று சில இடங்களில் சொல்வார்கள். முதல் பாதி உண்மை. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10,600 நானோமீட்டர் ஒளியையும் எர்பியம் யாக் லேசரின் 2,940 நானோமீட்டர் ஒளியையும் உறிஞ்சுவது தோலிலுள்ள நீர்தான், மெலனின் அல்ல. இரண்டாம் பாதி அதிலிருந்து வருவதில்லை. ஒளி நிறமியைத் தொடாவிட்டாலும், அது விட்டுச்செல்லும் சூடும் அதைத் தொடரும் அழற்சியும் நிறமி அணுக்களைத் தூண்டிவிடும். 1990களில் முகத்தின் மேல்தோல் முழுவதையும் ஒரே வீச்சில் ஆவியாக்கிய லேசர்கள் வெள்ளைத் தோலிலேயே மாதக்கணக்கில் சிவப்பையும், சிலருக்குப் பல மாதம் கழித்து நிரந்தர வெளுப்பையும் கொடுத்தன. கருந்தோலுக்கு அந்த முறை சரிப்பட்டு வரவில்லை. 2004இல் பாஸ்டனைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டைனும் ராக்ஸ் ஆண்டர்சனும் கொண்டுவந்த ஃபிராக்ஷனல் முறைதான் வழியைத் திறந்தது. தோல் முழுவதையும் சுடாமல், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூண்கள்போலப் புள்ளி புள்ளியாகச் சுடுவது, இடையிலுள்ள நல்ல தோலை அப்படியே விட்டுவைப்பது, அந்த நல்ல தோலிலிருந்து ஆறுதல் வேகமாக நடப்பது, இவ்வளவுதான் அதன் தத்துவம்.

நமக்கு இன்னும் முக்கியமான சேதி 2007இல் வந்தது. ஹாங்காங்கைச் சேர்ந்த ஹென்றி சான் குழுவினர் ஆசியத் தோலில் இந்த முறையைச் சோதித்தபோது, பின்னால் வரும் கருமையை அதிகம் தீர்மானித்தது ஒவ்வொரு புள்ளியின் ஆற்றலைவிடப் புள்ளிகளின் அடர்த்தி என்று தெரிந்தது. அதாவது, ஆழமாகச் சுடுவதைவிட நெருக்கமாகச் சுடுவதுதான் நமக்கு ஆபத்து. ஆழக் குழிக்கு ஆழம் தேவை. அதைக் குறைத்தால் பலன் குறையும். அடர்த்தியைக் குறைத்து, அந்தக் குறையை அமர்வுகளின் எண்ணிக்கையால் ஈடுகட்டலாம். ஒரே மெஷினை ஒருவர் கையில் நல்லதாகவும் இன்னொருவர் கையில் கெட்டதாகவும் ஆக்குவது இந்த அமைப்புதான். பெயர்ப்பலகை அதைச் சொல்லாது.

இனி வரிசைக்கு வருவோம். கண்ணாடி முன் நின்று, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி முகத்தைத் திருப்பிப் பாருங்கள். நிழல் விழுகிற இடம் குழி. நிழலே விழாமல் வெறும் நிறமாகத் தெரிவது பருவின் கறை. கறைக்குத் தோலைப் புதுப்பிக்கும் சிகிச்சை தேவையில்லை. சன்ஸ்கிரீன், அசெலாயிக் அமிலம், ரெடினாய்டு, இவற்றோடு சில மாதப் பொறுமை போதும். 'தழும்பு' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் கணிசமானோருக்கு இருப்பது கறையே. இங்கே லிட்டில் இந்தியாவுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்கும் சிவப்பழகுக் க்ரீம்களும், நண்பர் கைமாற்றும் ட்யூபுகளும் பல நேரம் ஸ்டீராய்டு கலந்தவை. இந்தியாவில் 12 மையங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முகத்தோல் பிரச்சினைக்காக வந்தவர்களில் சுமார் 15 சதவீதத்தினர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. பருவுக்காகவும் நிறத்துக்காகவும் பூசியவர்களே அதில் மிகுதி. சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையமும் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், பாதரசம் ஆகியவை லேபிளில் சொல்லப்படாமல் கலந்த க்ரீம்களைப் பற்றி அவ்வப்போது எச்சரிக்கை விடுகிறது. ஸ்டீராய்டு முதல் வாரங்களில் முகத்தைப் பளிச்சென்று காட்டும். பிறகு தோலை மெலிதாக்கி, புதிதாகப் பருவையும் கிளப்பும். அப்படி மெலிந்த தோலில் லேசரோ, அமிலத்தால் தோலுரிக்கும் பீலோ பட்டால் என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பூசிவரும் ட்யூப் எதுவானாலும் முதல் சந்திப்புக்கு அதைக் கையோடு எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு மறைப்பதில் லாபமில்லை.

அடுத்தது பரு அடங்குவது. புதிய பரு வந்துகொண்டிருக்கும்போதே தழும்புக்குக் காசு செலவழிப்பது வீண். 1994இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஆய்வு, முகப்பரு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ அளவில் தழும்பு மிஞ்சுகிறது என்றும், சரியான சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் காலத்துக்கும் தழும்பின் கடுமைக்கும் தொடர்புண்டு என்றும் காட்டியது. வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பரு வருவது இயல்புதான், தானாகப் போய்விடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதற்குப் பதில் இது. பரு போகலாம், குழி போகாது. சிங்கப்பூரில் இந்தக் கட்டத்துக்குப் பெரிய செலவும் ஆகாது. பலதுறை மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மண்டலே சாலையிலுள்ள தேசியத் தோல் மருத்துவ நிலையத்தில் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். 1988இல் தொடங்கிய அந்த நிலையம் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவிலிருந்து தொலைவில் இல்லை. பருவுக்கான மருந்தே சில நேரம் குழியையும் கொஞ்சம் ஏற்றிவிடும். அடாபலீன் 0.3 சதவீதமும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமும் கலந்த ஜெல்லை முகத்தின் ஒரு பாதியில் மட்டும் பூசிப் பார்த்த 2018ஆம் ஆண்டின் ஆய்வில், 24 வாரத்தில் குழிகளின் எண்ணிக்கை மருந்து பட்ட பக்கம் 15.5 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத பக்கம் 14.4 சதவீதம் கூடியது. இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். மருந்து குழியைக் குறைத்தது பாதிக் கதை, புதுக் குழி விழாமல் காத்தது மீதிக் கதை.

கடுமையான பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம், நிறுத்தி ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும்வரை எந்தச் சிகிச்சையும் கூடாது என்று முன்பு சொல்வார்கள். 2017இல் அமெரிக்க நிபுணர் குழுக்கள் பழைய தரவுகளை மறுபடி அலசி, மேலோட்டமான பீல்களுக்கும் ஃபிராக்ஷனல் லேசருக்கும் அந்தக் காத்திருப்பு தேவை என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்றன. முழுத்தோலைச் சுடும் லேசரையும் மெஷின் வைத்துத் தேய்க்கும் டெர்மாப்ரேஷனையும் மட்டும் தள்ளிவைக்கச் சொன்னன. ஆகவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்கு மைக்ரோநீட்லிங் என்னும் ஊசிச் சிகிச்சை தொடங்கினால் அதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். இன்னும் காத்திருக்கச் சொல்லும் மருத்துவரும் தவறு செய்யவில்லை; எச்சரிக்கையாக இருக்கிறார். இந்த மாத்திரை சாப்பிடும் பெண் கருத்தரிக்கக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு கருத்துக்கு இடமில்லை. சிசுவின் உறுப்புகளைக் கெடுக்கும் மருந்து அது.

குழியின் வகைக்கு 2001இல் ஜேக்கப்பும் உடன் எழுதியவர்களும் வகுத்த மூன்று பெயர்களே இன்றும் புழங்குகின்றன. ஐஸ்பிக் என்பது ஊசியால் குத்தியதுபோல, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான வாயும் நல்ல ஆழமும் கொண்டது. பாக்ஸ்கார் என்பது அம்மைத் தழும்புபோல, செங்குத்தான ஓரமும் தட்டையான அடியும் உடையது. ரோலிங் என்பது நான்கைந்து மில்லிமீட்டர் அகலத்தில் அலை அலையாகத் தெரிவது. மெத்தையை நடுநடுவே நூல்கட்டி இறுக்கியதுபோல, தோலுக்கு அடியிலுள்ள நார் தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பதால் வருவது. பலருக்கு மூன்றும் கலந்தே இருக்கும். முதலில் சொன்ன வாதம் இங்கேதான் கைக்கு வருகிறது. ரோலிங் குழியின்மேல் எத்தனை முறை லேசர் அடித்தாலும் அடியிலுள்ள நார் விடாது. அதை ஊசியாலோ மழுங்கிய கேனுலாவாலோ அறுத்துவிட வேண்டும். ஓரென்ட்ரைக் மருத்துவர்கள் 1995இல் பெயரிட்ட சப்சிஷன் அதுவே. ஐஸ்பிக் குழி மேற்பரப்பைச் சுடும் எந்த லேசரும் எட்டாத ஆழத்துக்குப் போகும். அதற்குக் கொரிய மருத்துவர்கள் 2002இல் எழுதிய கிராஸ் முறை பொருந்தும்: கூர்முனையில் தொட்ட கடும் டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தைக் குழியின் அடியில் மட்டும் வைத்து, உள்ளிருந்தே ஆறவிடுவது. ஆழமான பாக்ஸ்கார் குழியைப் பஞ்ச் கருவியால் வெட்டித் தூக்கித் தைப்பதுண்டு. லேசரும் மைக்ரோநீட்லிங்கும் நன்றாக வேலை செய்யும் இடம், ஆழமில்லாத பாக்ஸ்காரும், மேற்சொன்னவை முடிந்தபின் மிஞ்சும் சொரசொரப்பும்தான். முகவாய்க்கட்டையிலோ மார்பிலோ தோளிலோ மேடாக எழும்பி நிற்கும் தழும்பு, அதாவது கெலாய்டு, முற்றிலும் வேறு சங்கதி. அதற்கு ஸ்டீராய்டு ஊசியும் சிலிக்கோனும் உண்டு. லேசரால் புதுப்பிக்கப் போனால் இன்னும் வளரக்கூடும். கிராஸ் அமிலத்தை இணையத்தில் வாங்கி வீட்டிலேயே பூசிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு துளி குழிக்கு வெளியே வழிந்தால் மிஞ்சுவது புதுத் தழும்பு.

வீட்டிலேயே செய்யத் தகுந்த சோதனை ஒன்றுண்டு. இரண்டு விரலால் கன்னத்தைக் குழிக்கு இருபுறமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். 2006இல் குட்மனும் பாரனும் வகுத்த தரவரிசையில் இதற்கு இடமிருக்கிறது. அரை மீட்டர் தள்ளி நின்றால் கண்ணுக்குப் படாதது லேசானது. பட்டாலும் இழுத்தால் சமமாகிவிடுவது நடுத்தரம். இழுத்தும் சமமாகாதது கடுமையானது. இழுத்தால் சமமாகும் குழிக்குச் சப்சிஷனும் லேசரும் ஊசியும் நல்ல பலன் தரும். இழுத்தும் சமமாகாதவற்றை முதலில் கிராஸ், பஞ்ச் முறைகளால் ஒவ்வொன்றாகக் கவனித்தாக வேண்டும். அதைச் செய்யாமல் முகம் முழுவதற்கும் ஒரே லேசர் பேக்கேஜ் என்றால், காசு முகம் முழுவதற்கும் போகும், பலன் பாதிக்குத்தான் கிடைக்கும்.

மேற்பரப்புச் சிகிச்சைகளுக்குள் மாநிறத் தோலுக்கு எதை முதலில் வைப்பது? மைக்ரோநீட்லிங்கைத்தான். கேப்டவுனைச் சேர்ந்த டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் 1990களில் வளர்த்தெடுத்த இந்த முறையில் சூடு கிடையாது. ஊசி மேல்தோலைத் துளைக்கிறதே தவிர எரிப்பதில்லை, ஆகவே கருமையின் அபாயம் குறைவு. கிளினிக்கில் ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீட்டர் ஆழம் வரை போவார்கள். முஸ்தஃபா கடையிலோ இணையத்திலோ கிடைக்கும் வீட்டு ரோலரின் கால் மில்லிமீட்டர் ஊசியைக் குழிக்கான சிகிச்சையாக எண்ண வேண்டாம். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று முதல் ஆறு அமர்வுகள் தேவைப்படும். இரண்டு மூன்று நாள் சிவந்திருக்கும். அதன் ஊசிமுனையில் ரேடியோ அலைச் சூட்டைச் சேர்த்தால் பலன் கொஞ்சம் கூடும், அபாயமும் கூடும். தீக்காயம், தழும்பு, கொழுப்புக் கரைதல் ஆகியவை நேர்ந்ததாக வந்த புகார்களை வைத்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 அக்டோபரில் இந்தக் கருவிகளைப் பற்றி எச்சரித்தது. அழகு நிலையத்தில் செய்துகொள்ளும் வேலையல்ல அது. அடுத்த படி மேல்தோலை ஆவியாக்காத 1,550 நானோமீட்டர் ஃபிராக்ஷனல் லேசர். அதற்கும் மேல் ஃபிராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு. ஒரு வாரம் பொருக்கும் வீக்கமும், பல வாரம் சிவப்பும் தரும் இதை அடர்த்தி குறைத்து, காதோரம் ஒரு சிறு இடத்தில் சோதித்து, சில வாரம் பார்த்தபின்தான் முகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

எதிர்வாதங்களில் வலுவானது காசைப் பற்றியது. ஆறு முறை மெதுவாகச் செய்வதைவிட, ஒரே முறை பலமாகச் செய்தால் லீவும் காசும் மிச்சம்தானே? எல்லாம் சரியாக நடந்தால் அப்படித்தான். நம் தோலில் எல்லாம் சரியாக நடக்காத வாய்ப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கருமை வந்துவிட்டால் அது மங்கப் பல மாதமாகும், அதுவரை அடுத்த அமர்வும் நிற்கும். மூன்று மாதத்தில் முடிய வேண்டியது ஒன்றரை வருடமாகிவிடும். இதற்கு நேர் எதிரான வாதமும் கேட்கும்: கறுப்புத் தோலுக்கு லேசரே ஆகாது, விட்டுவிட வேண்டும் என்று. பழைய முழுத்தோல் லேசர்களின் காலத்துக்கு அது சரி. இன்றைக்கு அப்படிச் சொல்லி அனுப்பிவிடுவது, சிகிச்சையால் பயன்பெறக்கூடியவரைப் பயன்பெறாமல் விடுவதே. வேண்டியது மறுப்பு அல்ல, அளவு.

இன்னொரு ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்தச் சிகிச்சைகளுக்கெல்லாம் ஆதாரம் எவ்வளவு? காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வுத்தொகுப்பு, தழும்புச் சிகிச்சைகள் பற்றிய 24 பரிசோதனைகளை, மொத்தம் 789 நோயாளிகளை, எடுத்து அலசிவிட்டு, எதையும் முதல் தெரிவாகச் சொல்லும் அளவுக்குத் தரமான ஆதாரமில்லை என்று முடித்தது. ஆதாரம் மெலிந்தது என்றால் எதுவுமே செய்யக் கூடாது என்று ஆகாது. ஆனால் யார் எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதற்கு அது எல்லை போடுகிறது. '90 சதவீதம் போய்விடும்' என்று ஒருவர் எண்ணோடு வாக்குக் கொடுத்தால், அந்த எண் எங்கிருந்தும் வரவில்லை என்று கொள்ளலாம். ஆதாரம் மெலிந்திருக்கும்போது அபாயம் குறைந்ததிலிருந்து தொடங்குவதே நியாயம். இதுவரை சொன்ன வரிசை அந்த நியாயத்தின்மேல் நிற்கிறது. குழி பாதி குறைந்து, எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் கண்ணுக்குப் படாமல் போனால் அது நல்ல பலன். குழியே இல்லாத முகம் எந்தச் சிகிச்சையின் இலக்கும் ஆகாது.

வெயிலுக்கு வருவோம். மேல்நாட்டுக் கையேடுகள் லேசரைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லும். பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கேயுள்ள சிங்கப்பூருக்கு அந்த யோசனையால் பயனில்லை. நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும் நாட்கள் ஆண்டு முழுவதும் உண்டு. தேசியச் சுற்றுப்புற வாரியம் பகலில் மணிக்கொரு முறை அந்த எண்ணை வெளியிடுகிறது. ஆகவே பருவத்தைத் தேடாமல் உங்கள் நாட்காட்டியைப் பாருங்கள். வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் கட்டுமான, கப்பல் பட்டறை வேலையாட்களுக்கு, ஹெல்மெட் வார் அழுத்தும் கன்னத்தில் வியர்வை வழிய, சூட்டு லேசர் செய்வது எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் பருவை அடக்கும் மருந்தோடும், தேவைப்பட்டால் சப்சிஷன், கிராஸ்போலச் சூடில்லாத முறைகளோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. வேலை மாறினால் பிறகு பார்க்கலாம். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து, சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை வெயிலில் நடக்கிறவர்கள், கன்னத்தில் அலகு குத்திக்கொள்கிறவர்கள், அதற்கு முன் மூன்று மாதமாவது இடைவெளி விட வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லேசர் வேண்டாம். ஆறாத தோலில் நலங்கு மஞ்சளும் வேண்டாம், எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். சன்ஸ்கிரீனிலும் நமக்கென்று ஒரு விசேஷம் உண்டு. நம் நிறமுள்ள தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே கருமையை உண்டாக்கி நிற்கவைக்கும் என்று 2010இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஆய்வு காட்டியது. சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீன் தடுக்கும். சிகிச்சைக்கு நான்கு வாரம் முன்பே பூசத் தொடங்குங்கள்.

யாரிடம் போவது என்பதற்குச் சிங்கப்பூரில் சுலபமான சோதனை இருக்கிறது. தோல் மருத்துவம் இங்கே பதிவு செய்யப்பட்ட சிறப்புத் துறை. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் மருத்துவரின் பெயரைத் தட்டினால் அவர் சிறப்பு மருத்துவரா, பொது மருத்துவரா என்று தெரிந்துவிடும். 'எஸ்தெடிக் டாக்டர்' என்பது சிறப்புத் துறை அல்ல. பயிற்சி பெற்ற பொது மருத்துவர்களும் லேசர் செய்யலாம், நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சப்சிஷனும் கிராஸும் லேசரும் மூன்றும் கையில் உள்ளவரிடம் போனால்தான் குழிக்கேற்ற கருவி கிடைக்கும். ஒரே மெஷின் வைத்திருப்பவர் எல்லாக் குழிக்கும் அதையே பரிந்துரைப்பார். உரிமம் பெற்ற கிளினிக்குகள் விளம்பரத்தில் முன்–பின் படம் போட இங்கே விதி இடம் தராது. ஆகவே கைப்பேசியில் வந்து விழும் அத்தகைய படங்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருமுறை யோசியுங்கள். அதோடு, நேர் வெளிச்சத்தில் எடுத்தால் எந்தக் குழியும் மறையும். அழகுக்கான சிகிச்சைக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு செல்லாது, முழுதும் கைக்காசுதான். பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று தீபாவளிக் காலத்தில் நெருக்குவார்கள். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்கு ஆண்டுதோறும் வரும் புகார்களில் அழகுத் துறைக்கு நிரந்தர இடமுண்டு. ஒவ்வொரு அமர்வுக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். முதல் அமர்வுக்குப் பின் திட்டம் மாறுவது நல்ல வைத்தியத்தில் சாதாரணம். பேக்கேஜ் அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்காது.

சென்னையில் இதே சிகிச்சைக்கு ஆகும் செலவு குறைவு, மாநிறத் தோலில் அங்குள்ள மருத்துவர்களின் அனுபவமும் அதிகம். அதனால் ஊருக்குப் போகும்போது செய்துகொள்ளலாமே என்கிறார்கள். நியாயமான யோசனைதான். ஒரே சிக்கல், இது ஒருமுறை போய்வருகிற வேலை அல்ல. லேசர் முடிந்து நான்காம் நாள் திரும்பி வந்து, மூன்றாம் வாரம் கருமை தெரிய ஆரம்பித்தால் யாரிடம் காட்டுவது? சப்சிஷன், பஞ்ச் போன்ற ஓரிரு முறையில் முடிபவற்றை அங்கே செய்துகொண்டு, தொடர் அமர்வுகளை இங்கே வைத்துக்கொள்வது ஒரு நடுவழி. இரு பக்க மருத்துவர்களுக்கும் மற்றவர் செய்தது எழுத்தில் தெரிய வேண்டும். லேசரின் பெயர், ஆற்றல், அடர்த்தி, தேதி இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க மறுப்பவரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

உதட்டில் அக்கிக் கொப்புளம் அடிக்கடி வருகிறவர்கள் அதை முன்கூட்டியே சொன்னால், வைரஸ் தடுப்பு மாத்திரை கொடுத்துவிடுவார்கள். சொல்லாமல் லேசர் செய்தால் முகம் முழுவதும் பரவக்கூடும். சிகிச்சைக்குப் பின் வலி குறையாமல் கூடினால், சீழ் கோத்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். மற்றபடி, கொலாஜன் வளர்வது மூன்று முதல் ஆறு மாதம் வரை நடப்பது. இரண்டாம் வாரத்து முகத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அப்போது தெரியும் மினுமினுப்பில் பாதி வீக்கம். தொடங்கும் முன் ஒரே ஜன்னல் பக்கத்தில், ஒரே நேரத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் மூன்று படங்கள் எடுத்து வையுங்கள். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதேபோல எடுத்து ஒப்பிடுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஒப்பீட்டில் மாற்றம் தெரியாவிட்டால் அந்தச் சிகிச்சையை அத்தோடு நிறுத்தலாம்.